வீல் லோடரில் ஹைட்ராலிக் லைன்: கடன் வாங்கிப் போடலாமா?

கேள்வி: ஐயா, தூத்துக்குடியில் சொந்த வீல் லோடரை வாடகைக்கு விடுகிறேன். மாதம் 200 மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு 1,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கிராப்பிள் (தடியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) மாட்டினால் அதில் 100 மணி நேரத்தை இறக்குமதி மரத்தடி டிப்போ ஒன்று எடுத்துக்கொண்டு மணிக்கு 250 கூடுதலாகத் தரும். சுழலும் பிரஷ் மாட்டினால் நிலக்கரி யார்டு ஒன்றில் மாதம் 20 மணி நேரம், 300 கூடுதல். இவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் லைனுக்கு 1.2 லட்சம், கிராப்பிளுக்கு 1.8 லட்சம், பிரஷுக்கு 2.2 லட்சம், ஜிஎஸ்டி தனி. பட்டறைக்காரர் ஒருவர் லைனையும் கிராப்பிளையும் பில் இல்லாமல் 2.6 லட்சத்துக்கு முடித்துத் தருகிறார். எல்லாவற்றையும் கடனில் செய்யலாமா?

பதில்: லைனும் கிராப்பிளும் போடுங்கள். பிரஷ் இப்போது வேண்டாம்.

உங்கள் லோடரின் வால்வு பிளாக்கில் வழக்கமாக இரண்டு ஸ்பூல்தான் (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் தண்டு) இருக்கும்: ஒன்று கையைத் தூக்க, மற்றொன்று பக்கெட்டைச் சாய்க்க. மூன்றாவதைச் சேர்த்து முன்னால் வரை ஹோஸ் இழுப்பதுதான் இந்த வேலை. கிராப்பிளுக்கு அது போதும். திறந்து மூடும்போது மட்டும் எண்ணெய் ஓடும். பிரஷ் மோட்டார் அப்படியில்லை, மணிக்கணக்கில் விடாமல் சுற்றும். எண்ணெய் சூடாகும். டேங்குக்கு நேரே போகும் ரிட்டர்ன் லைன், பல மோட்டார்களுக்கு உள்ளே கசியும் எண்ணெயை வெளியேற்றும் கேஸ் டிரெய்ன் குழாய், சில சமயம் பெரிய கூலர் என்று செலவு ஏறும். 1.2 லட்சத்தில் இவையெல்லாம் அடங்குமா என்று கேட்டீர்களா?

அப்புறம் கணக்கு. 250 ரூபாயில் ஹோஸ், சீல், கிரீஸ் தேய்மானத்துக்கு 50 ஒதுக்குங்கள். மீதி 200. 3 லட்சம் திரும்ப 1,500 மணி நேரம், அதாவது 15 மாதம், வட்டி தனி. நல்ல முதலீடுதான். பிரஷின் முடி தேயும், மாற்ற வேண்டும். அதற்கு 100 கழித்தால் அங்கேயும் மீதி 200. ஆனால் மாதம் 20 மணி நேரம்தானே? 2.2 லட்சம் திரும்ப 55 மாதம். அந்தப் பணம் உங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவட்டும். யார்டுக்காரர் பிரஷை அவரே வாங்கி வைத்தால், மாட்டி ஓட்டிக் கொடுங்கள்.

3 லட்சத்தை 12 சதவீத வட்டியில் 24 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 14,120. டிப்போ வேலை மாதம் 71 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் தவணையைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். கப்பல் வராத மாதத்தில் இது நடக்கும். அதனால் மூன்று தவணைப் பணத்தைத் தனியாக வைத்துவிட்டே தொடங்குங்கள். அடமானம் இல்லாத கடன் வேண்டுமென்றால் சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தின் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை கேட்கலாம்.

பில் இல்லாத 2.6 லட்சம் மலிவாகத் தெரிகிறது. பில்லோடு 3.54 லட்சம், ஆனால் அதில் ஜிஎஸ்டி 54,000. நீங்கள் மாதம் 36,000 ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுபவர், இரண்டே மாதத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆக உண்மையான வித்தியாசம் 40,000 மட்டும். அதற்கு வாரண்டி கிடைக்கிறது. கணக்குப் புத்தகம் வைத்து வரி கட்டுபவரென்றால் 3 லட்சத்துக்கு 15 சதவீதத் தேய்மானமும் கழிக்கலாம் (அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் பாதி). உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு பங்கையே லாபமாக வைத்து) வரி கட்டினால் தேய்மானம் தனியாகக் கிடையாது.

கொட்டேஷனில் லாக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் வெடித்தாலும் பிடித்த தடி நழுவாமல் காப்பது அதுதான். கீழே ஆள் நிற்கும் இடம், இதில் சிக்கனம் கூடவே கூடாது. சட்டென்று மாட்டிக் கழற்ற உதவும் குயிக் ஹிட்ச் இல்லாவிட்டால் பக்கெட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே அரை நாள் போய்விடும். மற்ற 100 மணி நேர வாடகையும் குறையும். பக்கெட்டைவிடக் கிராப்பிள் கனமாக இருந்தால், கூடும் எடை அளவுக்குத் தூக்கும் திறன் குறையும். டிப்போவின் பெரிய தடி எத்தனை டன் என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். லோடர் மேல் பழைய கடன் இருந்தால் அந்த வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

டிப்போக்காரரிடம் 15 மாதத்துக்கு, மாதம் குறைந்தது 75 மணி நேரம் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.