வழக்கொழிந்த பழைய பெயரைப் பெண் குழந்தைக்குச் சூட்டலாமா?

பிறந்து பத்து நாளான மகளுக்கு இன்று யாரும் வைக்காத பழங்காலப் பெயர் ஒன்றைச் சூட்ட விரும்புவதாகவும், பள்ளியில் அவள் கேலிக்கு ஆளாவாள் என்று உறவினர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பெயர் வைத்தவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2012இல் பிறந்த எங்கள் மகளின் பெயர் தையல்நாயகி. அது என் தந்தையைப் பெற்ற அப்பாயியின் பெயர். சீர்காழிக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள வைத்தீஸ்வரன்கோயிலில், பிணி தீர்க்கும் வைத்தியநாதருடன் கையில் தைலம் ஏந்தி நிற்கும் அம்மனின் பெயர் அது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு தையல்நாயகி இருந்திருக்கிறார். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை என்பதால், பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பதில் எங்களுக்குத் தயக்கம் எழவில்லை.

ஆனால் அப்பாயியை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பிறந்த வீட்டில் அவர் பாப்பா. புகுந்த வீட்டில் பெரியம்மா, அத்தை, ஆச்சி. மாமியாரின் பெயரை மருமகள் உச்சரிப்பது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டதால், என் அம்மா நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் அவருடன் வாழ்ந்தும் அந்தப் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் அட்டையிலும், பிறகு கருமாதிப் பத்திரிகையிலும்தான் அது முழுமையாக இருந்தது. பழைய பெயர்கள் வழக்கொழிந்ததற்கு நாகரிக மோகத்தை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. வைத்த பெயரை வாயால் அழைக்காமல் விட்டதும் அவை மறைந்ததற்கு ஒரு காரணம். ஆகவே உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: வீட்டில் முழுதாக அழைப்பீர்கள் என்றால் மட்டும் அந்தப் பெயரை வையுங்கள். சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் அம்மு, பாப்பு என்று இன்னொன்றும் இருந்தால், குழந்தைக்குத் தன் பெயர் பள்ளியில்தான் முதன்முதலாக அறிமுகமாகும். அங்கே யாரேனும் சிரித்தால், அது தன்னுடையது என்ற உரிமை அவளுக்கு இருக்காது.

கேலி வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆறாம் வகுப்பில் "தையல் மெஷின்" என்றார்கள்; அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒருநாள், ஔவையாரின் ஆத்திசூடியில் "தையல்சொல் கேளேல்" என்று இருப்பதை எடுத்துக்காட்டி, "நீ சொல்வதைக் கேட்கவேண்டாம் என்று பாட்டே இருக்கிறது" என்று ஒரு மாணவன் சொல்லிவிட, அழுதுகொண்டு வந்தாள். தையல் என்றால் பெண், அழகு என்ற பொருள்களை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தோம். அன்று பாரதியாரின் புதிய ஆத்திசூடியைத் திறந்து, "தையலை உயர்வு செய்" என்ற வரியைக் காட்டினேன். ஒரே சொல்லை வைத்து இரண்டு காலங்கள் வழக்காடுவதை அந்த வயதிலேயே அவள் புரிந்துகொண்டாள். மறுநாள் அந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எடுத்துச்சென்றாள்.

பெயரைத் தேடுவதற்கு உங்கள் ஊர்க் கோயிலைவிட நல்ல இடம் இல்லை என்று கருதுகிறேன். திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலி, குற்றாலத்தில் குழல்வாய்மொழி, வேதாரண்யத்தில் யாழைப்பழித்த மொழியாள், வட திருமுல்லைவாயிலில் கொடியிடைநாயகி என்று ஊருக்கு ஊர் அம்மனின் தமிழ்ப் பெயர் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில், ராஜராஜன் குடியமர்த்திய, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு கோயில் ஆடல் மகளிரின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. சேரமங்கை, எடுத்தபாதம் போன்ற அந்தப் பெயர்களை ஆயிரம் ஆண்டுகள் கழித்து நாம் அப்படியே படிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சங்கப் பெயர்களில் சற்று நிதானம் வேண்டும். நச்செள்ளை, நன்முல்லை ஆகியவை சொல்லவும் கேட்கவும் இனியவை. ஆதிமந்தியோ, காவிரி கொண்டுபோன கணவன் ஆட்டனத்தியைத் தேடி அலைந்தவளின் அரிய பெயர் என்றாலும், மந்தி என்றதும் இன்றைய வகுப்பறைக்குப் பெண் குரங்கு மட்டுமே நினைவுக்கு வரும். நப்பசலை என்பதிலும் பசலை என்னும் பிரிவுநோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருளையும் இன்றைய காதில் அது விழும் விதத்தையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் மீட்கவேண்டியதும் இல்லை. முந்தைய பிள்ளைகள் தக்காமல் இறந்துபோனதால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து வைத்த குப்பம்மாள் என்ற பெயரில் ஒரு தாயின் அச்சம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன், ஆனால் இன்று வைக்கமாட்டேன். போதும்பொண்ணு என்ற பெயரை மதிக்கவும் என்னால் இயலாது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாயகியில் வருவது 'கே'யா 'ஜி'யா என்ற ஓரெழுத்து இரண்டு ஆவணங்களில் மாறிப்போனதால் நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம்.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி உண்டு. நாங்கள் அந்த அவகாசத்தில் மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதமும் என் அம்மா குழந்தையை "எங்க அத்தை" என்றுதான் கொஞ்சிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாதம் ஒரு மாலையில், தூளியை ஆட்டிக்கொண்டே, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "தையல்நாயகி" என்று மெல்லக் கூப்பிட்டார். அடுத்த வாரம் நகராட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிந்தோம்.