போனை மட்டும் வைத்துத் தோட்டத்து வரலாற்றை எழுத முடியுமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு எங்கள் தோட்டத்தின் வரலாற்றை ஆய்வாக எழுத வேண்டும். கையில் போன் மட்டும்தான், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிக்னலும் சரியில்லை. கொழும்புக்கு அடிக்கடி போய்வர வசதியில்லை. எல்லாம் நெட்டில் கிடைக்குமா? ஏஐயிடம் கேட்டு எழுதினால் போதுமா?

பதில்: தங்கச்சி, வேலையில் பெரும்பகுதியைப் போனிலேயே முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு தோட்டத்தைப் பற்றி நெட்டில் ஏறியிருப்பதில் பெரும்பாலானது கம்பனியும் தோட்டத்தை நிர்வகித்த துரைமாரும் அரசாங்கமும் எழுதிவைத்தது. லயத்துக் கதை இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. அதைக் கூகுளில் தேடி டேட்டாவை வீணாக்க வேண்டாம், அதற்கு வேறு வழி சொல்கிறேன்.

முதலில் நூலகம் (noolaham.org) என்ற இணையத் தளத்துக்குப் போங்கள். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கியது, இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் என்று ஆயிரக்கணக்கில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலர் தோட்டத்தின் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று மூடிவிடுகிறார்கள். அங்குள்ள பிடிஎஃப்களில் பெரும்பாலானவை பக்கங்களைப் படமாக எடுத்தவை, ஆகவே உள்ளே அச்சாகியிருக்கும் வரி பல நேரம் தேடலில் அகப்படாது. பெரும்பாலும் அகப்படுவது நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, அப்புறம் பல சஞ்சிகைகளுக்குத் தட்டச்சு செய்து போட்டிருக்கிற உள்ளடக்கப் பட்டியல். அதனால் பிரஜாவுரிமை (குடியுரிமை), தொழிற்சங்கம், தோட்டப் பாடசாலை என்று விஷயத்தை வைத்துத் தேடுங்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர், மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை என்று ஆட்களின் பெயரை வைத்தும் தேடுங்கள். டவுனுக்குப் போகிற நாளில் வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு வந்தால், வீட்டில் சிக்னல் இல்லாமலேயே ஆறுதலாக வாசிக்கலாம்.

படமாக உள்ள பக்கத்தை எழுத்தாக மாற்ற, அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினி கிடைக்கும்போது கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள், தமிழையும் ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். பழைய அச்சில் லை, ணை, னா, றா எல்லாம் வேறு வடிவத்தில் இருக்கும், அந்த இடங்களில் தடுமாறும், மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் மேற்கோள் காட்டாதீர்கள். இன்னொரு சிக்கல் பாமினி எழுத்துரு. நம் நாட்டில் கணினியில் தயாரான பல ஆவணங்கள் அதில் உள்ளவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கொப்பி பண்ணி ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். பயப்பட வேண்டாம், பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசத் தளங்கள் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் தேடும்போது தோட்டப் பெயரின் பழைய எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். தோட்டங்களின் விவரங்களைப் பட்டியலிட்ட ஃபெர்குசன் டிரெக்டரியின் பழைய தொகுதிகள் சில ஸ்கேன் செய்யப்பட்டு நெட்டில் கிடைக்கின்றன. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்கு முன்பும், 1869 இல் கோப்பியில் நோய் கண்ட பிறகும் சில வருடங்களுக்கு, மலைநாட்டில் பெரும் பயிர் கோப்பிதான். ஆகவே உங்கள் தோட்டம் கோப்பித் தோட்டமாகவும் பதிவாகியிருக்கலாம். டிரெக்டரியில் ஏக்கர் இருக்கும், சொந்தக்காரர் பெயர் இருக்கும், துரையின் பெயர் இருக்கும். உங்கள் பாட்டன் பூட்டன் பெயர் இருக்காது. இதையே ஆய்வில் எழுதுங்கள், யாரைப் பதிவு செய்தார்கள், யாரை வெறும் எண்ணிக்கையாக விட்டார்கள் என்பதும் வரலாறுதானே.

இனி நான் சொன்ன அந்த வேறு வழி. வீடு வீடாக டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. 1948 இல் குடியுரிமை பறிபோன பிறகு நம் ஆட்கள் ஒரு துண்டுக் கடதாசியைக்கூட எறியப் பயந்தார்கள். பிரஜாவுரிமைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் எழுதிய கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாமே உங்களுக்கு ஆவணம். உரியவரிடம் கேட்டு, அவர் கண்முன்னாலேயே எடுங்கள். வாசற்படிப் பக்கம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கடதாசியைத் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். பின்பக்கத்தில்தான் பென்சிலில் யாராவது ஒரு கணக்கோ திகதியோ எழுதியிருப்பார்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொக்யுமென்ட்டாக அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது டிவிஷன் (தோட்டப் பிரிவு), குடும்பம், ஆண்டு மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள், பிறகு எழுதலாம் என்று விட்டால் எது யாருடையது என்று தெரியாமல் போகும். பெட்டியைத் திறந்த பாட்டியோ தாத்தாவோ கதை சொல்லத் தொடங்கினால், சம்மதம் கேட்டுக் குரலையும் பதிவு செய்யுங்கள். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கங்காணி (வேலையாட்களை மேற்பார்ப்பவர்), செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், பாடப்புத்தகத் தமிழாக்க வேண்டாம். அடையாள அட்டை இலக்கம் மாதிரியான விவரங்களை ஆய்வில் மறைத்துவிடுங்கள்.

அரச அலுவலகத்தில் இருக்கும் விவரத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு தடவையாவது போகத்தான் வேண்டும், ஆனால் இவ்வளவும் முடித்த பிறகு, பார்க்க வேண்டியதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள்.

ஏஐ விஷயம். ஆங்கிலக் கட்டுரையைச் சுருக்கிப் புரிந்துகொள்ள, கேள்விகளை ஒழுங்குபடுத்த, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத நூலையும் இல்லாத ஆண்டையும் கூச்சமில்லாமல் சொல்லும். அது சொன்ன நூலை நீங்கள் திறந்து, பக்கத்தைக் கண்ணால் பார்க்காதவரை அடிக்குறிப்பில் போடாதீர்கள். ஆய்வு முடிந்ததும் படங்களின் ஒரு பிரதியை அந்தந்தக் குடும்பத்துக்கே கொடுங்கள், அவர்கள் சம்மதித்தால், சேர்த்துக்கொள்வார்களா என்று நூலகம் தளத்துக்கும் எழுதிக் கேளுங்கள்.