ஆய்வுத் தலைப்பை அல்ல, ஆய்வகத்தைப் பாருங்கள்

கேள்வி: இயற்பியலில் முதுகலை முடிக்கப்போகிறேன். பயன்பாட்டு இயற்பியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. அந்தத் துறை ஆய்வாளர்கள் அன்றாடம் என்ன வேலை செய்கிறார்கள்? முடித்தபின் பேராசிரியர் பணி மட்டும்தானா?

பதில்: முதல் கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலான நாட்கள் பழுது பார்ப்பதில் போகும். மெல்லிய படலம் வளர்க்கும் ஆய்வகத்தில் சேர்ந்தீர்கள் என்று வையுங்கள். படலம் வளர்வது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடக் கலனுக்குள். அதை ஒருமுறை திறந்து மூடினால், சுவரில் ஒட்டிய நீராவியை விரட்ட அதை நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். அப்போதும் அழுத்தம் இறங்கவில்லையா? எங்கோ கசிகிறது. இணைப்பு இணைப்பாக ஹீலியத்தைப் பீய்ச்சி ஓட்டையைத் தேட வேண்டியதுதான். இதில் ஒரு வாரம் போனாலும் கட்டுரையில் ஒரு வரிகூட வராது. ஆனால் கை பழகுவது அந்த வாரத்தில்தான்.

இந்தத் துறையில் கருவியை மாற்றியவர்களே பல நேரம் விடையையும் கண்டிருக்கிறார்கள். நீல எல்.இ.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூஜி நாகமுரா ஜப்பானில் ஒரு தனியார் நிறுவனத்தில் பொறியாளர். 1988-ல் ஃபுளோரிடாவுக்குப் போய், வாயுக்களைக் கொண்டு படிகப் படலம் வளர்க்கும் முறையைக் கற்றார். திரும்பி வந்ததும், பக்கவாட்டில் வரும் வாயுவோடு மேலிருந்தும் ஒரு வாயு இறங்கும்படி உலையைத் தன் கையாலேயே மாற்றியமைத்தார். 1993-ல் பிரகாசமான நீல எல்.இ.டி. வந்தது. முனைவர் பட்டம் அவருக்குக் கிடைத்ததே 1994-ல்தான்! 2014 நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட அகாசாகியும் அமானோவும் அதே நீல எல்.இ.டி.க்காகப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உழைத்தவர்கள். ஒரே சிக்கல், இரண்டு பாதைகள்.

அதனால் பேராசிரியர் பணி ஒரு வழி, அவ்வளவுதான். குறைக்கடத்தி, லேசர், மருத்துவப் படமெடுப்பு, உணரிகள் என்று தொழில்துறை இருக்கிறது; அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. நடுவில் தாவவும் முடியும். லேசர் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் உத்தியை 1985-ல் தன் வழிகாட்டி ஜெரார் மூருவுடன் உருவாக்கிய டோனா ஸ்ட்ரிக்லண்ட், பிறகு அரசு ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டு 1997-ல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். தொழில்துறை நேர்காணலில் ஆய்வேட்டின் தலைப்பைப் பெரிதாக யாரும் கிளறுவதில்லை. எந்தக் கருவியை இயக்கினீர்கள், அளவீட்டில் பிழை எங்கிருந்து வந்தது, தரவை அலச நிரல் எழுதுவீர்களா என்றுதான் துருவுவார்கள்.

அப்புறம் ஒன்று. காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் கருத்தரங்கில் பேசிவிடாதீர்கள். ஐரோப்பாவில் அப்படி வெளியிட்ட கண்டுபிடிப்பு பொதுவாகப் புதுமையை இழந்துவிடும்.

சரி, ஆய்வகத்தை எப்படித் தேர்வது? வழிகாட்டியின் கட்டுரை எண்ணிக்கையை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். ஒரு நாள் நேரில் போய், அவர் இல்லாத நேரத்தில் மாணவர்களிடம் பேசுங்கள். முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? முக்கியக் கருவிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பம்ப் கெட்டால் யார் பிரிப்பது? கடைசிக் கேள்விக்கு "நாங்களேதான்" என்று சலிப்போடு பதில் வந்தால், அங்கே தைரியமாகச் சேரலாம்.