கணினிக் கேள்வி நேரம்: அக்காவின் லேப்டாப்பில் ஐஸ்டபிள்யூஎம்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். 2013-இல் பிளஸ் டூ படித்தபோது என் அக்காவுக்கு அரசு கொடுத்தது. 2 ஜிபி ராம். போன வருடம் மாமா அதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தார். கட்டுரை அடிக்கும்போது பரவாயில்லை. ஃபயர்ஃபாக்ஸைத் திறந்துவிட்டால் மவுஸே நகர மாட்டேன் என்கிறது. "லேசான விண்டோ மேனேஜர் ஒன்று போடு, பறக்கும்" என்கிறார் கல்லூரி சீனியர். போட்டால் என் கோப்புகள் அழிந்துவிடுமா? தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? எனக்கு டெர்மினல் என்றாலே பயம்.
– கல்லூரி மாணவி, அறந்தாங்கி

பதில்: கோப்பு ஒன்றும் அழியாது தங்கச்சி. நீ எதையும் அழித்துவிட்டுப் போடப் போவதில்லை. மாமா போட்டுக் கொடுத்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறாய், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் லாக் அவுட் செய்து பழையதில் நுழைந்துகொள்ளலாம். யாராவது "எக்ஸ்எஃப்சிஇ-யை எடுத்துவிட்டால் இன்னும் இடம் மிச்சம்" என்று சொன்னால் கேட்காதே. அதை எடுக்கப் போய் கூடவே எதெது போகும் என்று உனக்கு இப்போது தெரியாது. மிச்சமாகும் இடமும் உன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலைக்குக் காணாது.

விண்டோ மேனேஜர் செய்வது சின்ன வேலை. நீ திறக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் சட்டமும் தலைப்புப் பட்டையும் போடும், எது மேலே, எது கீழே என்று பார்த்துக்கொள்ளும், இழுத்தால் நகர்த்தும். எக்ஸ்எஃப்சிஇ-க்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பேனல், வைஃபை ஐகான், சத்தம், பேட்டரி எச்சரிக்கை, பென் டிரைவைக் கண்டுகொள்வது என்று ஒரு குடும்பமே ஓடுகிறது. நாம் தனி விண்டோ மேனேஜருக்குப் போகும்போது அந்தக் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். லேசாவதும் அதனால்தான், புதிதாக வருகிறவர்கள் தவித்துப்போவதும் அதனால்தான்.

உனக்கு நான் சொல்வது ஐஸ்டபிள்யூஎம். மார்கோ மாசெக் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கியது, இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று உன் கைக்குப் பழகிய அமைப்பு. டாஸ்க்பாரிலேயே பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று ஒரு குட்டி வரைபடம் ஓடும். உன் மாதிரிப் பெட்டிக்கு அது மிகவும் உதவும். எந்த இணையப் பக்கத்தைத் திறந்தால் அது எகிறுகிறது என்று ஒரு வாரத்தில் உனக்கே தெரிந்துவிடும்.

டெர்மினல் வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ-யில் இருக்கும்போதே மெனுவில், நிரல்களைச் சேர்க்க உதவும் சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திற. தேடலில் ஐஸ்டபிள்யூஎம் என்று ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் (icewm) தட்டு. அந்தப் பெயரே கொண்ட பொதியை (பேக்கேஜை) குறித்துக்கொள். கூடத் தேவைப்படுவதை அதுவே கேட்டுச் சேர்த்துக்கொள்ளும். அதே மூச்சில் எல்எக்ஸ்போல்கிட் (lxpolkit), சத்தத்துக்கான வால்யூம்ஐகான் (volumeicon-alsa) என்ற இரண்டையும் தேடிக் குறித்துவிடு. பிறகு 'அப்ளை'. எல்எக்ஸ்போல்கிட்டை இப்போதே போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சினாப்டிக்கைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறதே, அந்தப் பெட்டியைக் காட்ட ஒரு சிறு நிரல் பின்னால் ஓட வேண்டும். ஐஸ்டபிள்யூஎம்மில் அது தானாக ஓடாது. அப்போது மெனுவில் சினாப்டிக்கைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. லினக்ஸே கெட்டுவிட்டது என்று நினைத்து இங்கேதான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

லாக் அவுட் செய். நுழைவுத் திரையில் உன் பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதைச் சொடுக்கினால் என்னென்ன செஷன் உண்டு என்று பட்டியல் வரும். ஐஸ்டபிள்யூஎம் இரண்டு தடவை தெரிந்தால் 'செஷன்' என்ற சொல் சேர்ந்திருப்பதைத் தேர்ந்தெடு. நுழைந்ததும் எதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்று நாம் எழுதிவைக்கப்போகும் தொடக்கக் கோப்பைப் படிப்பது அதுதான். மற்றது அதைப் படிக்காது.

முதல் பார்வைக்கு வெறிச்சென்று இருக்கும். டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லை, வைஃபை இல்லை. இனி தொடக்கக் கோப்பு எழுத வேண்டும். ஃபைல் மேனேஜரில் உன் ஹோம் போல்டரைத் திறந்து கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்து. மறைந்திருக்கும் போல்டர்கள் தெரியும். முன்னால் ஒரு புள்ளி வைத்து ஐஸ்டபிள்யூஎம் (.icewm) என்ற போல்டர் இல்லாவிட்டால் நீயே உருவாக்கு. அதற்குள் ஸ்டார்ட்அப் (startup) என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு, பெயருக்குப் பின் டாட் டெக்ஸ்ட் ஒட்டாமல். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து முதல் வரியாக #!/bin/sh என்று இடைவெளி இல்லாமல் எழுது. அடுத்த வரிகளில் ஒவ்வொன்றாக எல்எக்ஸ்போல்கிட் (lxpolkit), என்எம்-ஆப்லெட் (nm-applet), வால்யூம்ஐகான் (volumeicon), எக்ஸ்எஃப்சிஇ4-பவர்-மேனேஜர் (xfce4-power-manager) என்று ஆங்கிலத்தில் எழுது. இரண்டாவது வைஃபைக்கு; கடைசியானது பேட்டரி தீரும்போது சொல்வதற்கு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் இடைவெளி விட்டு '&' குறி போடு. அதை விட்டால் முதல் நிரல் முடியட்டும் என்று கோப்பு அங்கேயே காத்திருக்கும், அடுத்த வரிக்கே போகாது. சேமித்த பிறகு கோப்பின் மேல் வலது சொடுக்கு, புராப்பர்டீஸ், பெர்மிஷன்ஸ், அதில் 'நிரலாக ஓட அனுமதி' என்ற பொருளில் இருக்கும் கட்டத்தில் டிக். லாக் அவுட் செய்து மறுபடி நுழைந்தால் டாஸ்க்பாரின் ஓரத்தில் வைஃபை வந்து உட்கார்ந்திருக்கும்.

தமிழ் பற்றி நீ கேட்டது எனக்கு நெஞ்சைத் தொட்ட கேள்வி. மன்னார்குடியில் எங்கள் கடைக்கு நீடாமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். மரபுக் கவிதை எழுதுகிறவர். பழைய லேப்டாப் ஒன்றை இப்படித்தான் லேசாக்கிக் கொடுத்தேன். வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் பார்த்தேன். தமிழை மட்டும் தட்டிப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். மறுநாள் மழையில், துணிப்பைக்குள் பாலிதீன் சுற்றி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "அம்மா, எல்லாம் வேகமாத்தான் இருக்கு. ஆனா 'அ' வரலையே" என்றார். அன்றிலிருந்து எந்தப் பெட்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்னும் ஒரு வரி தமிழ் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

எழுது முறையைக் கவனிப்பது ஐபஸ். தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர் எல்லாம் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற பொதியில் வருகின்றன. சினாப்டிக்கில் அது இருக்கிறதா பார்த்துக்கொள். மின்ட்டின் மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்று இருக்கும். அங்கே ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு லாக் அவுட் செய்து நுழை. அந்தத் தேர்வு பெரும்பாலும் எல்லா செஷனுக்கும் பொருந்தும். அப்படியும் ஐபஸ் ஐகான் வராவிட்டால் தொடக்கக் கோப்பில் ஐபஸ்-டீமன் என்று ஒரு வரி சேர். இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் டி, ஆர், எக்ஸ் என்ற மூன்று சிறிய எழுத்துகளும் சேர்த்து எழுது (ibus-daemon -drx). மொழி மாற்றும் விசை ஐஸ்டபிள்யூஎம்மின் வேறு எதோடாவது மோதினால் ஐபஸ் ப்ரிஃபரன்சஸில் வேறு விசை வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிடு.

இன்னும் இரண்டு. அப்டேட் மேனேஜர் இங்கே தானாக எழுந்து சொல்லாது. ஞாயிறுதோறும் நீயே மெனுவிலிருந்து திற. உன் லேப்டாப் திரை சிறியது. சில பெட்டிகளின் 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தையும் மவுஸால் இழுத்தால் மேலே வரும்.

இவ்வளவு செய்தும் பறக்குமா என்றால், பறக்காது. சீனியர் சொன்னதில் பாதிதான் சரி. மின்ட் தயாரிப்பாளர்களே 2 ஜிபி-யைக் குறைந்தபட்சம் என்றும், வசதியாக இருக்க 4 ஜிபி என்றும் சொல்கிறார்கள். விண்டோ மேனேஜரால் சில நூறு எம்பி மிச்சமாகலாம்; பாரமான நாலு இணையப் பக்கம் அதைத் தின்றுவிடும். மவுஸ் நகராமல் போவது ராம் நிரம்பி, மீதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்போதுதான். ஆகவே ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துக்கொள், டேபை மூன்றுக்குள் வைத்துக்கொள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் ராம், அடுத்து ஒரு சிறிய எஸ்எஸ்டி. அந்த வயது லேப்டாப்பில் பெரும்பாலும் டிடிஆர்3 ராம்தான் இருக்கும். கீழ் மூடியைக் கழற்றி ஏற்கெனவே இருக்கும் ராமில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போ. சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் பழைய ராம் வாங்கி வரச் சொல்லலாம்.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். உன் அக்காவுக்கு லேப்டாப் கொடுத்த, 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் வைத்துக் கொடுத்தார்கள். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில், டெபியன் என்ற லினக்ஸிலிருந்து உருவாக்கியது. உன் மின்ட் உபுண்டு வழியாக அதே டெபியனிலிருந்து வந்தது. அக்காவிடம் கேட்டுப் பார், பாஸைத் திறந்து பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று.

கேள்வி: ஐஸ்டபிள்யூஎம், ஓபன்பாக்ஸ், ஜேடபிள்யூஎம், ஐ3 என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புதியவன் எதைப் போடுவது?
– வாசகர், கோவை

பதில்: எதையும் தொடாமல் உடனே வேலை பார்க்க வேண்டும் என்றால் ஐஸ்டபிள்யூஎம். ஓபன்பாக்ஸை நான் மிகவும் மதிக்கிறேன். எல்எக்ஸ்டிஇ என்ற லேசான டெஸ்க்டாப் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் தனியாகப் போட்டால் வெற்றுத் திரையில் வலது சொடுக்கு மெனு மட்டும் வரும், டாஸ்க்பார் வேண்டுமானால் டின்ட்2 போல ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அமைப்புக் கோப்புகளை எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுத வேண்டும்; ஒரு குறியை மூட மறந்தால் மெனு வராது. ஜேடபிள்யூஎம்மும் எக்ஸ்எம்எல்தான், ஆனால் ஒரே கோப்பில் முடிந்துவிடும். பப்பி லினக்ஸில் பார்த்திருப்பீர்கள்.

ஐ3 வேறு ஜாதி. சாளரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்காமல் தளக்கல் பதிப்பதுபோல் திரை முழுக்கப் பதிக்கும், எல்லாம் கீபோர்டில். ஒரு மாதம் பொறுமையாகப் பழகினால் கை அதை விடாது. வீட்டில் நீங்கள் மட்டும் புழங்கும் பெட்டி என்றால் தாராளமாகப் போடுங்கள். அப்பாவும் அதில்தான் மின்கட்டணம் கட்டுகிறார் என்றால் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் வேலண்டுக்கு மாறுகிறதாமே. இப்போது ஐஸ்டபிள்யூஎம் கற்றுக்கொண்டு என்ன பயன்? என்னிடம் ராஸ்பெர்ரி பை ஒன்றும் இருக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நியாயமான கவலை. சாளரங்களைத் திரையில் காட்டும் அடித்தளத்தில் பழையது எக்ஸ்11, புதியது வேலண்ட். ஐஸ்டபிள்யூஎம், ஓபன்பாக்ஸ், ஐ3 மூன்றும் எக்ஸ்11-க்காக எழுதப்பட்டவை, வேலண்டில் ஓடாது. உபுண்டு 25.10-இல் அதன் டெஸ்க்டாப்பான க்னோமின் எக்ஸ்11 செஷனையே எடுத்துவிட்டார்கள். ஆனால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 22 வரிசை எக்ஸ்11-இல்தான் ஓடுகிறது. அடிப்படையாக இருக்கும் உபுண்டு 24.04-க்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. பழைய பெட்டிக்கு அது போதும்.

உங்கள் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் கதையே மாறிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து அதன் அதிகாரபூர்வ இயங்குதளத்தில் லாப்டபிள்யூசி (labwc) என்பதுதான், நாம் எதையும் மாற்றாவிட்டால் சாளரங்களைக் கவனிப்பது. அது வேலண்டுக்கானது, ஆனால் ஓபன்பாக்ஸைப் பார்த்துச் செய்தது; அமைப்புக் கோப்புக்கும் அதே ஆர்சி டாட் எக்ஸ்எம்எல் என்ற பெயர், உள்ளே எழுதும் முறையும் பெரும்பாலும் அதுவே. ஆகவே ஓபன்பாக்ஸில் விசைகளை மாற்றப் பழகியிருந்தால் அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். பையில் தமிழுக்கு ஐபஸ்-எம்17என் போடும்போது பட்டியலில் ரங்கநாதன் என்று ஒரு விசைப்பலகை இருக்கும், உங்கள் ஊர்க்காரர்கள் பழகியது. தமிழ்99-ஐத் தேடி அலைய வேண்டாம், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.