மெஸ்ஸர்ஷ்மிட் 109டி-2 (Bf 109T-2) மாதிரி விமானம்: வால் கொக்கி ஒட்ட வேண்டுமா?

இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் போர் விமானமான 109டி-2இன் மாதிரியைச் செய்கிறீர்கள்; பழைய படங்களில் வால் கொக்கி இல்லையே, ஒட்டவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டாதீர்கள். நீங்கள் செய்வது 1941இல் நார்வேயில் பறந்த டி-2 என்றால் அதில் வால் கொக்கி (கப்பலில் இறங்கும்போது கம்பியில் மாட்டி விமானத்தை நிறுத்துவது) கிடையாது. கப்பலிலிருந்து விமானத்தை உந்தி ஏவும் கவண்பொறியில் மாட்டும் பாகங்களும் கிடையாது. நீங்கள் பார்த்த பழைய படங்கள் சரிதான்.

மாதிரிக் கிட்டில் வந்த செய்முறைத் தாள், கப்பலுக்கான டி-1, தரைத்தளத்துக்கான டி-2 இரண்டையும் ஒன்றாகக் காட்டியிருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். ஜெர்மனியின் கிராஃப் ஸெப்பெலின் விமானந்தாங்கிக் கப்பலுக்காக, சாதாரண வகையான 109இ (109E) விமானத்தை மாற்றியமைக்கும் வேலை ஃபீஸலர் நிறுவனத்திடம் போனது. 1940இல் கப்பல் கட்டும் வேலை நின்றதும், கப்பலுக்கான சாமான்களை விட்டுவிட்டு விமானங்களைத் தரைத்தளங்களுக்கு அனுப்பினார்கள். நீண்ட இறக்கை மட்டும் அப்படியே இருந்தது. கப்பலுக்காகச் செய்த அந்த இறக்கை நார்வேயின் குட்டை ஓடுதளங்களில் நன்றாகக் கைகொடுத்தது. இந்த விமானத்தின் அழகே அதுதான் என்பேன்.

அதனால் ஒட்டுவதற்கு முன் இறக்கையை நுனிக்கு நுனி அளந்து பாருங்கள். நிஜத்தில் 11.08 மீட்டர், உங்கள் 1/48 அளவில் சுமார் 23.1 செ.மீ. வர வேண்டும். 20.5 பக்கம் வந்தால் அது சாதாரண 109இ இறக்கை. அப்படியானால் கொக்கியை விட அதுதான் பெரிய பிரச்சினை, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

உடலின் அடியில் கொக்கிக்கான பள்ளம் இருந்தால் புட்டி வைத்து அடைத்து, காய்ந்த அப்புறம் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: ஜெர்மனியின் டிராவமுண்டேயில் சோதனைக்குப் பறந்த விமானங்களில் கொக்கி உண்டு. உங்கள் ஸ்டிக்கர்கள் அப்படியொரு விமானத்துக்கானவை என்றால் நான் சொன்னது பொருந்தாது.