ஒரு நாளை அவளிடம் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: விடுமுறையில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இந்தப் பயணத்தை வைத்தே கணக்கு, புவியியல், வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுக்கலாம் என்று அட்டவணை போட்டேன். இரண்டே நாளில், "இதுவும் ஹோம்வொர்க்தானாம்மா?" என்று கேட்டுவிட்டாள். எப்படித் தொடர்வது, டீச்சர்?

பதில்: அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் அம்மா. நானும் இதே தவறைச் செய்தவள்தான். போகிற ஊருக்கெல்லாம் கேள்வித்தாள் எழுதி வைத்தேன். என் மகனுக்குப் பயண ஆசையே விட்டுப்போயிற்று. அடுத்த முறை ஒன்றே ஒன்று சொன்னேன்: "இரண்டாம் நாள் உன்னுடையது. எங்கே போகிறோம், எதில் போகிறோம், எவ்வளவு செலவு, எல்லாம் உன் முடிவு." அன்று இரவு பதினொரு மணிக்கும் அவன் வரைபடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

உங்கள் மகளுக்கு டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் நாளைக் கொடுங்கள். புல்லட் ரயில் பாதை சுமார் 515 கிலோமீட்டர். இப்போது மிக வேகமான ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. 1964 அக்டோபர் 1 அன்று தொடங்கியபோது நான்கு மணி நேரம். சராசரி வேகத்தை அவளே போட்டுப் பார்ப்பாள். ஏன் அந்தத் தேதி என்று தேடினால், பத்தாம் நாளில் தொடங்கிய டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அகப்படும். ஒசாகாவுக்கு மேற்கே அகாஷி என்ற ஊர் வழியாக 135 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு போகிறது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. 135ஐ 15ஆல் வகுத்தால் 9. ஜப்பானின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுவது அதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகள். பார்த்தால் ஏதோ கிறுக்கல் மாதிரி இருக்கும். இரண்டாம் வரியில் பிறந்த தேதியைத் தேடச் சொல்லுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்று ஆறு இலக்கம். 2013 மே 26 என்றால் 130526. அதையொட்டி ஏழாவதாக ஓர் இலக்கம் இருக்கும். அது எங்கிருந்து வந்தது? ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 63. பத்தால் வகுத்தால் மீதி 3. அதுதான் அந்த இலக்கம். இயந்திரம் 6ஐ 8 என்று படித்துவிட்டால் மீதி 5 வரும். பிழை உடனே பிடிபடும். அவளுடைய பாஸ்போர்ட்டையே கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். சரியாக வந்ததும் என் மகன் வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிச் சரிபார்த்தான்.

அப்புறம், ஜப்பானியக் கானா எழுத்துகள். அவை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போகும். நம் 'ப' வரும் இடத்தில் 'ஹ'. பிறகு ம, ய, ர, வ. புத்தத் துறவிகள் வடமொழி எழுத்துமுறையைக் கற்றதன் வழியாக அங்கே போன வரிசை இது. பெயர்ப்பலகைகளில் நாலு எழுத்தையாவது அவள் படித்துவிட்டால், அந்த முகத்தைப் பாருங்கள்!

பணம் மாற்றும்போது வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் அவள் எழுதட்டும். யென்னாக மாற்றியதை அப்படியே திரும்ப மாற்றினால் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை அவளே கண்டுபிடிப்பாள்.

விசா, விமானச் சீட்டு இரண்டும் உங்களிடமே இருக்கட்டும். மற்றபடி அவள் நாளில் பிழை தெரிந்தாலும் திருத்தாதீர்கள். என் மகன் விடுமுறை நாள் பார்க்காமல் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனான். பூட்டிய கதவின் முன்னால் நின்றோம். நான் வாயே திறக்கவில்லை. அடுத்த இடத்துக்குக் கிளம்பும் முன் அது திறந்திருக்குமா என்று அவனே பார்த்தான். (ஜப்பானில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இதையும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்!)

கேள்வி: எங்களுக்கு வெளிநாடு போக வசதியில்லை. திட்டம் மட்டும் போட்டால், போகாத ஊருக்கு வழி கேட்ட கதையாகிவிடாதா?

பதில்: ஆகாது. நான் வகுப்பில் பிள்ளைகளோடு போட்ட திட்டங்களில் பாதி அப்படிப்பட்டவைதான். பசிபிக் கடலின் தீவு நாடான சமோவாவில் தொடங்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வணிகம் செய்ய வசதியாக, அந்த நாடு 2011இல் தேதிக்கோட்டின் (தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் கற்பனைக் கோடு) மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. அங்கே டிசம்பர் 29 முடிந்ததும் 31. அந்த ஆண்டு 30ஆம் தேதியே கிடையாது. பக்கத்தில் அமெரிக்க சமோவா, விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் அங்கே இன்னும் நேற்று. ஒரே பிறந்தநாளை இரண்டு தடவை கொண்டாட எங்கிருந்து எங்கே பறக்க வேண்டும் என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.