திருப்பி அடி என்று மகனிடம் சொல்லலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனைப் பள்ளியில் நான்கு பேர் சேர்ந்துகொண்டு தினமும் சீண்டுகிறார்கள். வெளிநாட்டு ஐஸ் ஹாக்கியில் ஒருவன் வம்பு செய்தால் மற்றவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்கிறான். அதுபோல ‘நீயும் திருப்பி அடி’ என்று சொல்லிவிடலாமா?

பதில்:

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். அதற்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஏறக்குறைய ஒரு வருடம் உங்கள் மகனின் இடத்தில் இருந்தவன் நான்.

என் ஊர் முட்டம் பக்கம். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். எட்டாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு பஸ் ஏறி நாகர்கோவில் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்குப் போனேன். முதல் வாரமே பெயர் விழுந்துவிட்டது: கருவாடு. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் மூன்று பேர் மூக்கைப் பொத்துவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். மதியம் என் டப்பாவைப் பிடுங்கி, திறந்து, பெஞ்சு பெஞ்சாகக் கைமாற்றுவார்கள். அது என்னிடம் திரும்பி வரும்போது பாதி மரச்சீனிக் கிழங்கு தரையில் கிடக்கும். இத்தனைக்கும் அவர்கள் வீட்டிலும் மீன்தான். குமரி மாவட்டத்தில் மீன்கறி மணக்காத தெரு எத்தனை இருக்கிறது?

வீட்டில் சொல்லவில்லை. துவையல் மட்டும் போதும் என்று அம்மாவிடம் பிடிவாதம் பிடித்தேன். காலையில் சட்டையை முகர்ந்து பார்த்துப் போடுவேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு மதிலுக்கு மேல் எலுமிச்சைக் கிளை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு இலை பறித்துக் கசக்கி உள்ளங்கையிலும் கழுத்திலும் தேய்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். அந்த வாசனை வந்தால் இன்றும் எனக்கு வயிறு பிசைகிறது.

ஒருநாள் துணிந்து வகுப்பாசிரியரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால் செய்தது தவறு. வகுப்பின் நடுவில் என்னை எழுப்பி நிறுத்தி, யார் யார் என்று கைகாட்டச் சொன்னார். காட்டினேன். ஆளுக்கு இரண்டு பிரம்படி. அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அந்த இரண்டும் எனக்குப் பத்தாகத் திரும்பி வந்தன. நானும் ஒருவனைத் திருப்பி அடித்தேன், உதட்டில் ரத்தம் வந்தது. மறுநாள் மூன்று பேர் ஐந்து பேர் ஆனார்கள்.

அதை நிறுத்தியவன் எங்கள் பள்ளிக் கால்பந்து அணித் தலைவன். என்னைச் சீண்டியவர்களில் முதலாமவனுக்கு அவன் பக்கத்து வீட்டுக்காரன், நெருங்கிய நண்பன். ஒரு மதியம் டப்பா வழக்கம்போல அவன் பெஞ்சுக்குப் போனது. அடுத்தவனிடம் தள்ளாமல், அதை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்று பார்த்து அம்மா என் பேச்சைக் கேட்காமல் நெத்தோலி அவியல் வைத்திருந்தார். கையைவிட்டு ஒரு வாய் எடுத்துத் தின்றான். பிறகு தன் நண்பனைப் பார்த்து, இனி இந்த டப்பாவை யாராவது தொட்டால் சாயங்காலம் என்னோடு ஆட வரவேண்டாம் என்றான். சத்தம்கூடப் போடவில்லை. அன்றோடு நின்றது. அவன் இன்று வளைகுடாவில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் என் வீட்டில்தான் சாப்பாடு. ஒருமுறை அவனாகவே சொன்னான்: “மக்கா, அதற்கு முன் நானும் சிரித்தவன்தான்.”

இனி உங்கள் ஐஸ் ஹாக்கிக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். லீக்கில் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான். சண்டை போடுவதற்காகவே அணியில் வைத்திருந்த ஆட்கள் உண்டு. அப்படிப் பெயர் பெற்ற டெரெக் பூகார்ட் 2011-ல் 28 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. முஷ்டிக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஆட்டத்தில்கூட, உள்ளே இருக்கும் கொடுமையை முஷ்டி நிறுத்தவில்லை.

அகீம் அலியு என்ற கறுப்பின ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் பிறந்து, உக்ரைனில் வளர்ந்து, கனடாவுக்கு வந்தவர். 2005-ல் வின்ட்சர் நகர ஜூனியர் அணியில் சேர்ந்தபோது வயது 16. புதியவர்களை நிர்வாணமாக்கி பஸ் கழிப்பறைக்குள் அடைக்கும் சடங்குக்கு இணங்க அவர் மறுத்தார். பிறகு பயிற்சியின்போது சக ஆட்டக்காரர் ஒருவர் மட்டையால் தாக்கிப் பல்லை உடைத்தார். சில வருடங்கள் கழித்து வேறொரு அணியில், உடை மாற்றும் அறையில் அவர் போட்ட பாட்டு பிடிக்காமல் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் இன வசைச் சொல்லால் திட்டினார். அலியு அதை உலகத்துக்குச் சொன்னது 2019 நவம்பரில், ஏறத்தாழ பத்து வருடம் கழித்து. அந்த அணியில் உடன் ஆடிய இருவர், அவர் சொல்வது உண்மை என்று முன்வந்தார்கள். சில நாட்களில், அப்போது கால்கரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்த பீட்டர்ஸ் பதவி விலகினார்.

எனக்கு அதைவிட நெருக்கமானது 2022-ல் அதே லீக்கின் பாஸ்டன் புரூயின்ஸ் அணியில் நடந்தது. பள்ளி நாட்களில், வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒரு கறுப்பின வகுப்புத் தோழனைக் கொடுமைப்படுத்தியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட ஓர் இளம் ஆட்டக்காரர் இருந்தார். சிறுநீர்த் தொட்டியில் தேய்த்த மிட்டாயை அந்தப் பிள்ளையின் வாயில் வைக்கச் செய்தார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. 2020-ல் அரிசோனா அணி அந்த இளைஞரைத் தேர்வு செய்து, விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. 2022 நவம்பர் 4 அன்று பாஸ்டன் ஒப்பந்தம் போட்டது. மறுநாளே அணித் தலைவர் பேட்ரிஸ் பெர்ஜரோன் செய்தியாளர்களிடம், இந்த அணியில் நாங்கள் வளர்த்த பண்புக்கு அந்தச் செயல் நேர் எதிரானது என்ற கருத்தில் பேசினார். மூத்த ஆட்டக்காரர்கள் சிலரும் வருத்தத்தை மறைக்கவில்லை. நவம்பர் 6 அன்று நிர்வாகம் அந்த இளைஞரோடு உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. அவர்கள் யாரும் கையுறையைக் கழற்றவில்லை. எங்கள் அணித் தலைவன் டப்பாவோடு வந்து உட்கார்ந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பெர்ஜரோன் வெளியாள் அல்லர். அன்று அந்த உடை மாற்றும் அறையின் தலைவராக இருந்தவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கே நிற்க இடமில்லை.

இதற்காக ‘ஆசிரியரிடம் சொல், போதும்’ என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். சாதியைச் சொல்லித் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பிளஸ் 2 மாணவனை, வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் பாய்ந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. ஆகவே நீங்கள் நேரில் போங்கள், மகனை உடன் அழைத்துப் போகாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். வகுப்பில் அவனை எழுப்பி யாரையும் கைகாட்டச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

என் பள்ளியில் இப்படி ஒன்று காதில் விழுந்தால், சீண்டுகிறவனை நான் முதலில் கூப்பிடுவதில்லை. அவன் யார் முன்னால் பெருமைப்பட நினைக்கிறானோ, அவனைத் தனியாக மைதானத்துக்குக் கூப்பிடுகிறேன். அணியில் அடுத்த ஆட்டத்துக்கு அடிபடும் பிள்ளையையும் சேர்த்துக்கொள், உன் பொறுப்பு என்கிறேன். எல்லா முறையும் பலிப்பதில்லை. பலித்தவை அதிகம்.

உங்கள் மகனின் வகுப்பிலும் அப்படி ஒருவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அல்லது சிரிக்காமல் குனிந்திருப்பான். அவன் பெயர் உங்கள் மகனுக்குத் தெரியும். ‘ஏன் திருப்பி அடிக்கவில்லை’ என்று இன்று இரவு கேட்காதீர்கள். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள்.